பதிவேட்டில் ஏறாத பங்கு

மைசூரு நகரின் வடமேற்கு ஓரத்தில், மேட்டகள்ளியை ஒட்டி பெலகொள தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே பதிவு அலுவலகம் வைத்திருக்கும் கெய்ன்ஸ் டெக்னாலஜியை, மின்னணுப் பாகங்களைத் தயாரித்துத் தரும் தனியாள் தொழிலாக 1988இல் ரமேஷ் குஞ்ஞிகண்ணன் தொடங்கினார். 2008இல் அது பிரைவேட் லிமிடெட் ஆனது. 2022 மார்ச்சில் பப்ளிக் லிமிடெட்டாக மாறி, அதே ஆண்டு நவம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது. வெளியீட்டு விலை பங்குக்கு 587 ரூபாய். அதற்குச் சற்று முன்னால் முதலீட்டு நிதிகளுக்கு 555 ரூபாய் வீதம் 130 கோடி ரூபாய்க்குப் பங்குகள் ஒதுக்கப்பட்டிருந்தன. பட்டியலான நாளில் மும்பைச் சந்தையில் வணிகம் 775 ரூபாயில் தொடங்கியது. மூன்று ஆண்டு கழித்து, 2025 நவம்பரில், மைசூருவின் இன்னொரு நிறுவனமான எக்செல்சாஃப்ட் டெக்னாலஜிஸ் 500 கோடி ரூபாய் வெளியீட்டுடன் அதே வழியில் போனது.

இப்படி இரண்டு நிறுவனங்கள் கண் முன்னால் சந்தைக்குப் போனபிறகு, ஊரில் ஒரு கேள்வி எழுவது இயல்பு: பட்டியலாவதற்கு முன்பே வாங்கியிருந்தால்? ஹெப்பாள், கூர்கள்ளி தொழிற்பேட்டைகளில் பிரைவேட் லிமிடெட் பலகைகளுக்குக் குறைவில்லை. அவற்றில் வேலை பார்ப்பவர்களிடம் பங்கு இருக்கிறது. பிரிந்துபோன கூட்டாளிகளிடம் இருக்கிறது. அண்ணன் தம்பிக்குள் பிரித்துக்கொண்ட குடும்பங்களிடம் இருக்கிறது. விற்க நினைப்பவர்களும் உண்டு, வாங்கத் துடிப்பவர்களும் உண்டு. நடுவில் தரகர்கள், வாட்ஸ்அப் குழுக்கள், டெலிகிராம் சேனல்கள். இந்தக் கைமாற்றத்தைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதே இங்கே ஆராயும் விஷயம். என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தின் பங்கை வாங்குபவர் விலையைப் பேசி முடிக்கும் நேரத்தில், தாம் வாங்குவது என்ன என்பதைப் பெரும்பாலும் பார்த்திருப்பதில்லை. அது எழுதப்பட்டிருப்பது வேறோர் ஆவணத்தில். அந்த ஆவணத்தை வாங்குபவரின் கண்ணில் படவைக்கும் கடமையை நம் சட்டம் யார் மீதும் போடவில்லை.

முதலில் ஒரு வேறுபாடு. நிறுவனம் புதிதாகப் பங்கு வெளியிட்டுப் பணம் பெறுவது ஒன்று. கெய்ன்ஸ் 555 ரூபாய்க்கு ஒதுக்கியது அந்த வகை. பணம் நிறுவனத்தின் கணக்குக்குப் போனது. ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர் இன்னொருவருக்கு விற்பது மற்றொன்று. இதில் நிறுவனத்துக்கு ஒரு காசும் வராது. முதல் வகைக்குச் சட்டம் கெடுபிடியான வரம்புகள் வைத்திருக்கிறது: 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 42ஆவது பிரிவின்படி, தகுதிபெற்ற நிதி நிறுவனங்களையும் ஊழியர்களையும் கணக்கில் எடுக்காமல், ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் தனிப்பட்ட ஒதுக்கீடு செய்யக் கூடாது. இரண்டாவது வகை, அதாவது கைமாற்று விற்பனை, இந்தக் கட்டுக்குள் நேரடியாக வருவதில்லை. அதனாலேயே அங்கே குழப்பம் அதிகம்.

பிரைவேட் நிறுவனம் என்றால் என்ன என்பதற்குச் சட்டம் தரும் இலக்கணத்திலேயே சிக்கலின் வேர் இருக்கிறது. 2ஆவது பிரிவின் 68ஆவது உட்பிரிவு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: உறுப்பினர் 200 பேருக்கு மேற்படக் கூடாது, பங்குகளை வாங்கும்படி பொதுமக்களை அழைக்கக் கூடாது, பங்குகளைக் கைமாற்றும் உரிமையை அதன் செயல்முறை விதிகள் கட்டுப்படுத்த வேண்டும். மூன்றாவதைக் கவனியுங்கள். கட்டுப்பாடு இல்லாவிட்டால் அது பிரைவேட் நிறுவனமே அல்ல. அதே சட்டத்தின் 44ஆவது பிரிவு பங்கை அசையும் சொத்து என்கிறது. ஆனால் செயல்முறை விதிகள் சொல்லும் முறையில் கைமாற்றத்தக்க சொத்து என்கிறது. காரை விற்பவர் வாங்குபவரை மட்டும் திருப்திப்படுத்தினால் போதும். இங்கே மூன்றாவதாக ஓர் ஆள், நிறுவனத்தின் இயக்குநர் குழு, எப்போதும் அறையில் உட்கார்ந்திருக்கிறது.

ஆர்ட்டிகிள்ஸ் என்று எல்லோரும் சொல்லும் அந்தச் செயல்முறை விதிகளை எடுத்துப் பார்த்தால், பழைய குடும்ப நிறுவனங்களில் பொதுவாக ஒரு விதி இருக்கும். பங்கை விற்க விரும்புபவர் முதலில் எழுத்து மூலம் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். குழு அதை மற்றப் பங்குதாரர்களுக்கு அவரவர் விகிதப்படி முன்வைக்கும். விலை ஒத்துவராவிட்டால் தணிக்கையாளர் நிர்ணயிப்பார். குறிப்பிட்ட நாளுக்குள் யாரும் வாங்காவிட்டால் வெளியாருக்கு விற்கலாம். அப்போதும் குழு மறுக்கலாம். முதலீட்டு நிதிகள் நுழைந்த நிறுவனங்களில் இந்தப் பக்கம் இன்னும் நீளும். பெரிய பங்குதாரர் விற்கும்போது சிறியவரும் அதே விலைக்குச் சேர்ந்து விற்கும் டேக் அலாங் உரிமை, பெரியவர் விற்க முடிவெடுத்தால் சிறியவரையும் விற்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் டிராக் அலாங் உரிமை, போட்டி நிறுவனங்களுக்கு விற்கத் தடை எல்லாம் அடுக்கப்பட்டிருக்கும். இருநூறு ரூபாய்க்குப் பங்கு வாங்கியதாக நினைப்பவர் உண்மையில் இந்தப் பக்கங்களைத்தான் வாங்கியிருக்கிறார்.

ஐம்பது பங்குகளின் வழக்கு

இந்தக் கட்டுப்பாடுகள் எங்கே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இந்தியா முழுவதும் இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றின் வழக்கில் வந்தது. வி.பி. ரங்கராஜ் எதிர் வி.பி. கோபாலகிருஷ்ணன்; உச்ச நீதிமன்றம் 1991 நவம்பர் 28இல் தீர்ப்பளித்தது.

அந்தப் பிரைவேட் நிறுவனத்தில் இருந்தவை மொத்தமே 50 பங்குகள். சகோதரர் இருவர் குடும்பக் கிளைகளுக்கும் தலா 25. 1951இல் வாய்மொழியாக ஓர் உடன்பாடு: இரு கிளைகளும் எப்போதும் சமமாகவே பங்கு வைத்திருக்க வேண்டும், ஒரு கிளையில் யாராவது விற்க நினைத்தால் முதலில் தன் கிளையைச் சேர்ந்தவரிடம்தான் கேட்க வேண்டும், அவர்கள் வேண்டாம் என்றால்தான் வெளியே போகலாம். சகோதரர்கள் இருவரும் காலமான பிறகு, ஒரு கிளையைச் சேர்ந்த மகன் தன் பங்குகளை மற்றக் கிளையின் பிள்ளைகளுக்கு விற்றார். இருபத்தைந்துக்கு இருபத்தைந்து என்ற சமநிலை போயிற்று. விற்றவரின் கிளையினர் வழக்குப் போட்டார்கள். விசாரணை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் உடன்பாடு செல்லும் என்றன.

உச்ச நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. நீதிபதி பி.பி. சாவந்த் எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான். கைமாற்றத்துக்கான கட்டுப்பாடு செயல்முறை விதிகளில் இருந்தால்தான் அது நிறுவனத்தையும் பங்குதாரரையும் கட்டுப்படுத்தும். அந்த நிறுவனத்தின் விதிகள் சொன்னவற்றுக்கு மேலாக, பங்குதாரர்கள் தங்களுக்குள் தனியாகச் செய்துகொண்ட கூடுதல் கட்டுப்பாடு செல்லாது. ஆகவே விற்பனை செல்லுபடியானது.

இந்தத் தீர்ப்பைப் பற்றிச் சட்டத்துறையில் இரண்டு கருத்து உண்டு. நான் அதன் பக்கம் அதிகம் சாய்கிறேன். குடும்பத்தின் நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். வாங்க வரும் வெளியாள் எதைப் பார்த்து முடிவெடுக்க முடியும்? நாற்பது ஆண்டுக்கு முன் சகோதரர்கள் பேசிக்கொண்டதை அவர் எங்கே போய்த் தேடுவார்? செயல்முறை விதிகளோ கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்யப்பட்டவை. இன்றைக்கு நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் நூறு ரூபாய் கட்டினால் எந்த நிறுவனத்தின் விதிகளையும் யாரும் பார்க்கலாம். எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் எழுதப்படாத கட்டுப்பாடு வாங்குபவரைக் கட்டாது என்பது, இந்தச் சந்தையில் சிறியவருக்குக் கிடைத்த மிகச் சில பாதுகாப்புகளில் ஒன்று.

ஆனால் நீதிமன்றங்கள் அந்த இடத்திலேயே நிற்கவில்லை. கேரள கௌமுதி பத்திரிகைக் குடும்ப வழக்கில், குறிப்பிட்ட சில பங்குகளைப் பற்றிக் குறிப்பிட்ட சிலர் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் வேறு, நிறுவனத்தின் எல்லாப் பங்குகள் மேலும் போடும் பொதுத் தடை வேறு என்று உச்ச நீதிமன்றமே பிரித்துப் பார்த்தது. 2010இல் மெஸ்ஸர் ஹோல்டிங்ஸ் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம், பப்ளிக் நிறுவனத்தில்கூடப் பங்குதாரர்கள் தமக்குள் முன்னுரிமை ஒப்பந்தம் போட்டுக்கொள்ளத் தடையில்லை என்றது. 2012 ஜனவரியில் வோடஃபோன் வரி வழக்கில் தனியாகத் தீர்ப்பெழுதிய நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன், ரங்கராஜ் தீர்ப்பின் இந்தப் பார்வையைத் தாம் ஏற்கவில்லை என்றே எழுதினார். அது அந்த வழக்கின் முடிவுக்குத் தேவைப்பட்ட கருத்தல்ல; எனவே ரங்கராஜ் தீர்ப்பு சாய்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் 58ஆவது பிரிவில் பப்ளிக் நிறுவனப் பங்குகள் தடையின்றிக் கைமாற்றத்தக்கவை என்று சொல்லிவிட்டு, இருவரோ பலரோ தமக்குள் செய்த ஒப்பந்தம் ஒப்பந்தமாகச் செல்லும் என்று சேர்த்தது. பிரைவேட் நிறுவனத்துக்கு அப்படி வெளிப்படையாக ஒரு வரி இல்லை.

விளைவு என்னவென்றால், இன்றும் பிரைவேட் நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் பங்குதாரர் ஒப்பந்தத்தில் கையெழுத்தான கையோடு அதன் கைமாற்றப் பகுதியை அப்படியே செயல்முறை விதிகளில் ஏற்றிவிடுகிறார்கள். ஏற்றாமல் விட்டால், ஒரு தகராறு முளைத்துக் கிளம்பக் காத்திருக்கிறது என்று பொருள்.

கெத்தியிலிருந்து கடிதம் போன கதை

மைசூருவிலிருந்து குண்டல்பேட்டை, பந்திப்பூர் வழியாக மலையேறினால் நீலகிரியில் கெத்தி. ஊசி தயாரிக்கும் நீடில் இண்டஸ்ட்ரீஸ் அங்கே 1949இல் ஆங்கிலேய நிறுவனத்தின் துணை நிறுவனமாகப் பிறந்தது. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் 1974இல் நடைமுறைக்கு வந்தபோது, வெளிநாட்டவர் பங்கை 40 விழுக்காட்டுக்குக் குறைக்கும் கட்டாயம் வந்தது. அப்போது 32,000 பங்குகளில் 18,990 இங்கிலாந்திலிருந்த ஹோல்டிங் நிறுவனத்திடம் இருந்தன. மீதி இந்தியப் பங்குதாரர்களிடம். 1977 ஏப்ரலில் கெத்தி இயக்குநர்கள் இரண்டு பங்குக்கு ஒன்று வீதம் 16,000 உரிமைப் பங்குகளை வெளியிட முடிவெடுத்தார்கள். ஏப்ரல் 14 தேதியிட்ட அழைப்புக் கடிதம் ஹோல்டிங் நிறுவனத்தின் கைக்குக் கிடைத்தது மே 2. அதே மே 2இல் கெத்தியில் குழு கூடி, இங்கிலாந்து ஏற்காத பங்குகளையும் சேர்த்து இந்தியர்களுக்கே ஒதுக்கி முடித்துவிட்டது.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் போய் 1981 மே 7இல் முடிந்தது. தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் எழுதிய தீர்ப்பு சட்ட மாணவர்களிடையே வேறு காரணங்களுக்காகப் பெயர் பெற்றது. நமக்கு முக்கியமானவை இரண்டு. முதலாவது: பப்ளிக் நிறுவனத்தில் உரிமைப் பங்கை ஒருவர் தாம் எடுக்காமல் வேறொருவருக்கு விட்டுக்கொடுக்கலாம், பிரைவேட் நிறுவனத்தின் இயல்புகளை விதிகளில் தக்கவைத்துக்கொண்ட இந்த நிறுவனத்தில் அந்த உரிமை வெளியாருக்குப் போக இடமில்லை என்றது நீதிமன்றம். அதாவது, கடிதம் நேரத்துக்கே வந்திருந்தாலும், செலாவணிச் சட்டத்தால் கை கட்டப்பட்டிருந்த ஹோல்டிங் நிறுவனம் அந்தப் பங்குகளைத் தானும் எடுக்க முடியாது, சந்தையில் ஒருவருக்குக் கைமாற்றவும் முடியாது. இரண்டாவது: ஒதுக்கீடு செல்லும் என்று சொன்ன பிறகும், இந்தியப் பங்குதாரர்கள் நியாயமில்லாமல் லாபம் அடைந்துவிட்டார்கள் என்று நீதிமன்றம் கண்டது. பங்கின் மதிப்பு 190 ரூபாய். வெளியிட்டது 100 ரூபாய்க்கு. வித்தியாசம் 90. ஹோல்டிங் நிறுவனத்துக்கு வந்திருக்க வேண்டிய 9,495 பங்குகளால் பெருக்கி, 8,54,550 ரூபாயை அதற்குக் கொடுக்கும்படி உத்தரவிட்டது.

அந்தப் பெருக்கல் கணக்கை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. சந்தையே இல்லாத பங்குக்கு ஒரு விலை உண்டு என்றும், விற்க முடியாதவன் விற்க முடியாததாலேயே அந்த விலையை இழக்கக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்ட இடம் அது. ஆனால் அது நீதிமன்றத்தின் சமநீதி அதிகாரத்தால் கிடைத்தது. நான்கு ஆண்டு வழக்காடி, பெரிய நிறுவனம் ஒன்று பெற்றது. சிறு பங்குதாரருக்கு அந்த வழி நீண்டது.

அவருக்குச் சட்டம் வைத்திருக்கும் வழி 58, 59ஆவது பிரிவுகள். காகிதப் பங்காக இருந்தால் எஸ்ஹெச்-4 என்ற படிவம். விற்பவர், வாங்குபவர், பங்கு எண்கள், தொகை, சாட்சி எல்லாம் ஒரே தாளில். கையெழுத்திட்ட 60 நாளுக்குள் நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். பிரைவேட் நிறுவனம் மறுத்தால் 30 நாளுக்குள் காரணத்தோடு தெரிவிக்க வேண்டும். மறுப்புக் கடிதம் வந்த 30 நாளுக்குள், அல்லது எந்தப் பதிலும் வராவிட்டால் படிவம் கொடுத்த 60 நாளுக்குள், தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். மைசூரு நிறுவனம் என்றால் பெங்களூரு அமர்வு. அதன் மேல் சென்னையிலுள்ள மேல்முறையீட்டுத் தீர்ப்பாய அமர்வு. பணம் கொடுத்தாயிற்று, நிறுவனம் இன்னும் பதியவில்லை என்ற இடைக்காலத்தில் விற்றவர் வாங்கியவருக்காகப் பங்கை வைத்திருக்கும் அறங்காவலர்போல் கருதப்படுவார் என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கொள்கை. வாக்குரிமை சட்டப்படி விற்றவர் பெயரில்தான் இருக்கும். அவர் நேர்மையானவராக இருந்தால் சரி.

தரகரின் கணக்கு

இனி தரகர் வழியாக நடப்பதைப் பார்ப்போம். இங்கே ஒரு கோட்டைத் தெளிவாகப் போட்டாக வேண்டும். சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் லிமிடெட் பங்கு பற்றித் தமிழ் வாசகர்கள் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். இந்தியா சிமென்ட்ஸ் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்ட அந்தப் பங்கு இன்றும் எந்தச் சந்தையிலும் பட்டியலாகவில்லை. ஆனாலும் அது பப்ளிக் நிறுவனம். தேசியப் பங்குச் சந்தையின் சொந்தப் பங்கும் அப்படியே பல ஆண்டுகள் கைமாறி வந்திருக்கிறது. அன்லிஸ்டட் என்று தரகர்கள் ஒரே பெயரில் விற்பவற்றில் இப்படிப்பட்ட பப்ளிக் நிறுவனங்களும் உண்டு, பிரைவேட் நிறுவனங்களும் உண்டு. சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

பப்ளிக் நிறுவனத்தின் பங்கு, பட்டியலாகாததாக இருந்தாலும், 1956ஆம் ஆண்டுப் பங்கு ஒப்பந்தங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும் என்று பகவதி டெவலப்பர்ஸ் எதிர் பியர்லெஸ் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் முடிவுசெய்தது. அங்கே பணம் ஒரு நாள், பங்கு வேறொரு நாள் என்று கைமாறியதால் அது உடனடிப் பட்டுவாடா ஆகவில்லை. விற்பனையே செல்லாமல் போயிற்று. சட்டம் கேட்பது: பணமும் பங்கும் அதே நாளிலோ மறுநாளிலோ கைமாற வேண்டும். "இப்போது பணம் போடுங்கள், பங்கு பதினைந்து நாளில் உங்கள் டீமேட் கணக்குக்கு வந்துவிடும்" என்று சொல்லும் தரகர் இந்த வரம்பைக் கடந்துகொண்டிருக்கிறார். பிரைவேட் நிறுவனப் பங்கோ அந்தச் சட்டத்தின் பார்வையில் சந்தைப்படுத்தத்தக்க பங்கே அல்ல என்று பம்பாய் உயர் நீதிமன்றம் தாஹிபென் பட்டேல் வழக்கில் ஏற்கெனவே சொல்லியிருந்தது. கேட்பதற்கு இது விடுதலைபோல் தோன்றும். உண்மையில் அது வேலிக்கு வெளியே விடுவது.

2024 டிசம்பரில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: பட்டியலாகாத பப்ளிக் நிறுவனங்களின் பங்குகளை வாங்கி விற்க இடம் தரும் இணையத் தளங்கள் அங்கீகாரம் பெற்றவை அல்ல, அங்கீகரிக்கப்பட்ட பங்குச் சந்தைகளுக்கு மட்டுமே அந்த உரிமை உண்டு. பிரைவேட் நிறுவனங்கள் அந்த எச்சரிக்கையின் வாசகத்துக்குள்ளேயே வரவில்லை. உள்தகவல் வணிகத் தடை விதிகளும் பட்டியலான, பட்டியலாகவிருக்கும் நிறுவனங்களுக்குத்தான். நிறுவனத்தின் பெரிய வாடிக்கையாளர் அடுத்த மாதம் விலகப்போகிறார் என்று தெரிந்த மேலாளர் தம் பங்கை இன்று உங்களிடம் விற்றால், உங்களுக்கு இருப்பது பழைய ஒப்பந்தச் சட்டம்தான். அந்தச் சட்டமோ, பேச வேண்டிய கடமை இருந்தாலொழிய மௌனம் மோசடியாகாது என்கிறது. கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னால் கதை வேறு. கம்பெனிச் சட்டத்தின் 36ஆவது பிரிவு, பொய்யான வாக்குறுதியால் பங்கு வாங்கத் தூண்டுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. ஆகவே கேள்விகளை எழுத்தில் கேட்டு, பதில்களை எழுத்தில் வாங்கி, அவற்றை விற்பனை ஒப்பந்தத்தில் உறுதிமொழிகளாகச் சேர்ப்பதற்கு மாற்றே கிடையாது.

200 பேர் வரம்பைத் தாண்ட ஒரு குறுக்குவழி பரவியிருக்கிறது. ஐம்பது பேர் பணத்தைச் சேர்த்து, எல்எல்பி எனப்படும் கூட்டாண்மை ஒன்றின் பெயரில் அல்லது ஒரே ஆளின் பெயரில் பங்கை வாங்குவது. பதிவேட்டில் ஒரு பெயர்தான் ஏறும். பின்னால் நிற்கும் ஐம்பது பேருக்கும் இருப்பது அந்த ஆளின் வாக்கு. பயனுரிமை வைத்திருப்பவர் அதை நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும் என்ற 89ஆவது பிரிவு மீறப்படுகிறது. பலரிடம் பணம் திரட்டி முதலீடு செய்வது செபியின் பதிவு இல்லாத முதலீட்டு நிதியாகிவிடும் அபாயமும் சேர்கிறது. சஹாரா வழக்கில் 2012 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கற்றுக்கொடுத்தது இதுதான்: தனிப்பட்ட ஒதுக்கீடு என்று பெயரிட்டதால் மட்டும் கோடிக்கணக்கானவரிடம் திரட்டியது தனிப்பட்டதாகிவிடாது. நிறுவனம் முதலில் ஒருவருக்கு ஒதுக்கி, ஆறு மாதத்துக்குள் அவர் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கினால், அந்த விற்பனை ஆவணமே நிறுவனத்தின் தகவல் அறிக்கையாகக் கருதப்படலாம் என்று 25ஆவது பிரிவும் நிற்கிறது.

பட்டியலாகும் என்ற நம்பிக்கையிலும் இரண்டு பள்ளங்கள் உண்டு. விலை ஒன்று. ஹெச்டிபி ஃபைனான்ஷியல் சர்வீசஸ் பங்கு பட்டியலாவதற்கு முன் தரகர்களிடம் 1,200 ரூபாய்க்கு மேல் விற்றது. 2025 ஜூனில் வெளியீட்டு விலை வரம்பு 700 முதல் 740 என்று அறிவிக்கப்பட்டது. இன்னொன்று நேரம்: வெளியீட்டுக்கு முன்பே பங்கு வைத்திருந்தவர், நிறுவனரல்லாதவராக இருந்தாலும், பொதுவாக ஆறு மாதம் அதை விற்க முடியாது. விலை இறங்குவதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

வரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஆனால் தாண்டிப் போக முடியாது. பிரைவேட் பங்கின் நியாயமான சந்தை மதிப்பைக் கணக்கிட வருமான வரி விதிகளில் சூத்திரம் உண்டு. அந்த மதிப்பு 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். நண்பருக்கு 200க்கு ஆயிரம் பங்கு விற்றால், 300க்கு விற்றதாகவே கொண்டு விற்றவரின் மூலதன ஆதாயம் கணக்கிடப்படும். வாங்கியவருக்கு வித்தியாசம் ஒரு லட்சம், 50,000 ரூபாய் வரம்பைத் தாண்டுவதால், முழுதும் வருமானமாகச் சேரும். ஒரே நூறு ரூபாய்க்கு இருவர் வரி கட்டுகிறார்கள். மைசூருவுக்கு இதில் ஒரு தனிக் கூறு இருக்கிறது. அந்தச் சூத்திரத்தில் நிறுவனத்தின் நிலமும் கட்டடமும் புத்தக மதிப்பில் வருவதில்லை. முத்திரைத்தாள் மதிப்பில் வருகின்றன. பல்லாண்டு முன் தொழிற்பேட்டையில் குறைந்த விலைக்கு மனை பெற்ற சிறு நிறுவனம், லாபம் அற்பமாக இருந்தாலும், காகிதத்தில் பெரிய மதிப்புக் காட்டும். பிரிந்துபோகும் கூட்டாளி எளிய விலைக்குப் பங்கைக் கொடுத்துவிட்டு நகர நினைத்தாலும் வரிச் சட்டம் விடாது. மனையை ஒதுக்கியது கர்நாடகத் தொழிற்பகுதி வளர்ச்சி வாரியம் என்றால், ஒதுக்கீட்டு நிபந்தனைகளில் உரிமை மாற்றத்துக்கு வாரியத்தின் அனுமதி கேட்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கும். வெளிநாட்டில் இருப்பவர் பணத்தைத் திரும்ப எடுத்துச்செல்லும் உரிமையோடு வாங்கினால் நியாய மதிப்புக்குக் குறைவாக வாங்கக் கூடாது, விற்றால் அதற்கு மேல் விற்கக் கூடாது. 60 நாளுக்குள் ரிசர்வ் வங்கிப் படிவமும் தாக்கலாக வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் அதிகம் அகப்படுபவர்கள் ஊழியர்கள். சம்பளத்தின் ஒரு பகுதியாக ஈசாப் வாங்கியவர்களில் பலர் அதையே பங்கு என்று நினைக்கிறார்கள். அது பங்கு வாங்கும் விருப்ப உரிமை. அதை இன்னொருவருக்கு மாற்ற விதி இடம் தருவதில்லை. விலை கட்டி, அப்போதே சம்பள வருமானமாக வரியும் கட்டி, அதைப் பங்காக மாற்றிய பிறகுதான் விற்பனை என்ற பேச்சு. மாற்றும்வரை அவர் உறுப்பினர் அல்ல. செயல்முறை விதிகளின் பிரதியைக் கேட்கும் உறுப்பினர் உரிமை அவருக்கு இல்லை. மாற்றிய மறுநாள், தாம் கையெழுத்திட்ட திட்டத்தின்படி, பங்குகளை முதலில் நிறுவனரிடமே காட்ட வேண்டும் என்று தெரிகிறது. சில திட்டங்களில் வேலையை விட்டால் நிறுவனம் குறித்த விலைக்கே திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டில் தவறில்லை; தெரியாத ஆள் பதிவேட்டில் நுழைவதை எந்தச் சிறு நிறுவனமும் விரும்பாது. தவறு, அதை ஊழியர் தெரிந்துகொள்ளும் நேரத்தில் இருக்கிறது. விருப்ப உரிமைக் கடிதத்தோடு செயல்முறை விதிகளின் கைமாற்றப் பகுதியையும் இணைத்துத் தர வேண்டும் என்று விதி சொல்லியிருந்தால், வரி கட்டிய பிறகு அதிர்ச்சி அடைபவர்கள் குறைவார்கள்.

கடைசியாக ஒரு புதிய முரண். 2023 அக்டோபரில் கம்பெனிச் சட்டத்தின்கீழ் வந்த 9பி விதியின்படி, சிறிய நிறுவனங்கள் தவிர்த்த பிரைவேட் நிறுவனங்கள் பங்குகளை டீமேட் என்னும் மின்னணு வடிவத்துக்கு மாற்றியாக வேண்டும். கெடு 2025 ஜூன் 30 வரை நீட்டிக்கப்பட்டது. காகிதம் தொலைதல், போலிக் கையெழுத்து, முன்தேதியிட்ட படிவம் போன்ற பழைய நோய்களுக்கு இது நல்ல மருந்து. ஆனால் எஸ்ஹெச்-4 படிவம் இயக்குநர் குழுவின் மேசைக்கு வந்தபோது, குழு விதிகளைப் பிரித்துப் பார்க்கும் ஒரு நிமிடம் இருந்தது. இப்போது விற்பவர் தம் டிபாசிட்டரி பங்கேற்பாளருக்கு ஓர் உத்தரவு கொடுத்தால் பங்கு நகர்ந்துவிடும். இரு தரப்பும் டிபாசிட்டரியில் இருக்கும்போது எஸ்ஹெச்-4 தேவையில்லை. பிரைவேட் நிறுவனம் என்றாலே கைமாற்றக் கட்டுப்பாடு என்று ஒரு பிரிவு சொல்கிறது. அந்தக் கட்டுப்பாட்டை அமல்படுத்தும் கதவை இன்னொரு விதி கழற்றிவிட்டது. முன்னுரிமையை மீறி நடந்த மாற்றத்தை நிறுவனம் பிறகு 59ஆவது பிரிவின்கீழ் தீர்ப்பாயத்தில்தான் கேள்வி கேட்க வேண்டும்; அதற்குள் பணம் கைமாறியிருக்கும், நல்லெண்ணத்தோடு வாங்கிய ஒருவர் நடுவில் நிற்பார்.

விற்கமாட்டேன் என்ற உறுதிமொழியைக் கணக்கிலேயே பதிந்து பங்கை முடக்கிவைக்கும் வசதி டிபாசிட்டரிகளில் ஏற்கெனவே உண்டு. அதை நிறுவனர்களும் கடன் கொடுத்தவர்களும் பயன்படுத்துகிறார்கள். அதே தொழில்நுட்பத்தைக் கொஞ்சம் நீட்டினால் போதும். ஒவ்வொரு பிரைவேட் நிறுவனத்தின் பங்கு எண்ணோடும் அதன் கைமாற்ற விதியை இணைத்துப் பதிய வேண்டும். விற்பவர் உத்தரவு கொடுக்கும்போது நிறுவனத்துக்கு அறிவிப்புப் போக வேண்டும். சட்டம் ஏற்கெனவே தந்திருக்கும் 30 நாளுக்குள் குழு பதில் சொல்லாவிட்டால் மாற்றம் தானாக நடக்க வேண்டும். வாங்குபவர் தம் திரையில் அந்த விதியைப் படித்துச் சம்மதம் கொடுத்த பிறகே பங்கு அவர் கணக்கில் சேர வேண்டும். இதற்குக் கம்பெனிச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. 9பி விதியில் ஓர் உட்பிரிவும், இரண்டு டிபாசிட்டரிகளின் துணைவிதிகளில் மாற்றமும் போதும். அதுவரை, பெலகொளவிலோ ஹெப்பாளிலோ இருக்கும் ஒரு பிரைவேட் நிறுவனத்தின் பங்கை யாராவது நீட்டினால், முன்பணம் போடும் முன் செலவழிக்க வேண்டிய முதல் தொகை, பதிவாளரிடம் உள்ள செயல்முறை விதிகளைப் பார்க்கக் கட்டும் நூறு ரூபாய்தான்.